மேனேஜர் புல்லைத் தொடவில்லை

லிஃப்ட் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. கோளாறு என்னவென்று தெரியாதபோது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், லிஃப்ட் ஓடினாலும் எதனால் ஓடுகிறது என்று தெரியாது. ஓடாவிட்டால் கேட்கவே வேண்டாம். மெக்கானிக் இந்த விதியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டைவிரல் நசுங்கிக் கற்றுக்கொண்டவன். அதன்பிறகு வேலையிடத்தில் அதை மீறியதில்லை. வீட்டில் தெரியாமல் மீறினான். அதனால் ஒரு முயல் சாகக் கிடந்தது.

முயலின் பெயர் மேனேஜர். வாங்கிவந்த அன்று கூடத்தின் நடுவில் முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, துரும்பைக்கூட அசைக்காமல், மற்றவர்கள் வேலை செய்வதை அதிருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தானாக அமைந்துவிட்டது. பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் வந்தார், போனார், முறைத்தார் என்பதெல்லாம் மேனேஜருக்கு மட்டும்தான். மெக்கானிக் வெறும் 'அவன்'. இந்தக் கதையிலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மேனேஜர் காய்ந்த புல் தின்பதை நிறுத்தியதை முதலில் கவனித்தது மெக்கானிக்கின் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டியூட்டி. அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவள் வீட்டுக்கு வருவாள். அவன் சாயங்காலம் வருவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். கல்யாணமான இரண்டு பேர் ஒரே கட்டிலில் ஷிப்ட் போட்டுத் தூங்கினார்கள். பேச்செல்லாம் போனில் மெசேஜ்தான். முன்பு அதில் சினிமா, சண்டை, சமாதானம் எல்லாம் இருந்தன. இப்போது கேஸ் தீர்ந்துபோச்சு, மோட்டார் போடவும், மேனேஜர் புல்லைத் தொடல. அவ்வளவுதான்.

இந்த நைட் டியூட்டி முதலில் ஒரு மாதத்துக்கு என்றுதான் ஆரம்பித்தது. பிறகு ஹெட் நர்ஸ், "இதையே தொடர முடியுமா, வீட்ல கேட்டுச் சொல்லு" என்றாளாம். அவள் வீட்டில் கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"எனக்கென்ன பிரச்சினை?" என்றான் மெக்கானிக். பெருந்தன்மையாகப் பேசியதாக அன்றைக்கு அவனுக்குத் தன்மேல் ஒரு திருப்தி வேறு. மனுஷன் வாயைத் திறக்கக் கூடாத நேரம் என்று சில உண்டு. அவன் சரியாக அந்த நேரத்தில் திறந்தான்.

அவள் மெசேஜைப் பார்த்ததும் அவன் விசாரணையைத் தொடங்கினான். முதலில் புல். புது மூட்டை. ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்தான். போதவில்லை என்று வாயில் போட்டு மென்றான். புல் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் முன்பு வாங்கிய கடைக்கே போய் வேறு மூட்டை வாங்கிவந்து போட்டான். மேனேஜர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்து கிண்ணம். சாய்ந்திருக்கிறதோ என்று ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தான். குமிழி சொல்லிவைத்ததுபோல் நடுவில் நின்றது. ஆனாலும் கிண்ணத்தை மாற்றினான். அடுத்து தண்ணீர் பாட்டில். அடுத்து கூண்டு இருக்கும் இடம்: ஜன்னல் பக்கமிருந்து சமையலறை வாசல் பக்கம். ஒவ்வொன்றுக்கும் முழுதாக ஒரு நாள் கொடுத்தான். விதி விதிதான். மேனேஜர் எதற்கும் மசியவில்லை. புல்லை ஒருமுறை மோந்துவிட்டு, இது என் அந்தஸ்துக்குச் சரிவராது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"காத்து," என்றான் கடைசியில், வேலையிடத்தில் தன்னோடு ஜோடியாகப் போகும் மீசைக்காரரிடம். "சமையல்கட்டுல இருந்து வர காத்துதான் காரணம். வேற ஒண்ணும் இருக்க முடியாது."

"நேத்து கிண்ணம்னு சொன்ன."

"நேத்து தெரியல."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் மீசைக்காரர், மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டே. "அது வேற ஏதோ தின்னுது. குடியிருக்கறவங்க 'லிஃப்ட் தானா நின்னுடுச்சு'ம்பாங்க. உள்ள போய்ப் பாத்தா கதவுல யாரோ உதைச்ச செருப்புத் தடம் இருக்கும்."

மெக்கானிக் பேச்சை மாற்றினான். ஏனென்றால் கதவில் செருப்புத் தடம் இருந்தது. அது அவனுடைய செருப்பு.

விஷயம் இதுதான். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேட்கும். சாப்பாட்டு மேஜையில் எதிரே ஒரு காலி நாற்காலி. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவனால் முடியவில்லை. ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மேனேஜர் பின்னங்கால்களில் எழுந்து நின்றார். அந்த வீட்டில் அவன் வந்ததற்காக எழுந்து நின்ற ஒரே ஜீவன். அவன் ஒரு துண்டு ஆப்பிளை நீட்டினான். மறுநாள் இரண்டு துண்டு. பிறகு ரொட்டியின் ஓரம். அதைத் தீனி என்று அவன் நினைக்கவேயில்லை. எதிரில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கும்போது கொடுக்காமல் தின்பது என்ன நாகரிகம்?

ஆகவே விசாரணையில் எல்லாம் இருந்தது. ஆப்பிள் மட்டும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் மெசேஜ் அனுப்பாமல் போனே செய்தாள்.

"ஏங்க, இது சரிவராதுங்க. எங்க மருந்துக் கவுண்ட்டர்ல இருக்காரே, அவரு வீட்ல தோட்டம் இருக்கு, இன்னும் ரெண்டு முயலும் இருக்கு. மேனேஜரை அங்க குடுத்துடலாம். பட்டினி கெடந்து நம்ம கண்ணு முன்னாடி ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமே."

"காட்டலாம். அவங்களும் ஒண்ணும் புரியலன்னு சொல்லிட்டா குடுத்துடணும். சரிங்களா?"

"சரி," என்றான். போனை வைத்த பிறகு மேனேஜரைப் பார்த்தான். இவரும் போய்விட்டால் சாயங்காலம் கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் மட்டும்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? முயல் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஒரு ஆண்பிள்ளை, அதுவும் பத்து மாடி லிஃப்ட் ஷாஃப்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன், எப்படிச் சொல்வான்?

இருவருக்கும் விடுமுறையாக இருந்த ஒரே நாளில் மேனேஜரைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். விலங்கு டாக்டரம்மா மேனேஜரின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். தராசில் வைத்தாள். மேனேஜர் தராசிலும் முன்னங்கால்களை மடக்கித்தான் உட்கார்ந்தார்.

"பல்லு நல்லா இருக்கு. வயிறும் நல்லா இருக்கு. போன தடவ ஊசிக்கு வந்தப்ப இருந்ததவிட எடதான் கூடியிருக்கு."

இரண்டு பேரும் தராசையே பார்த்தார்கள்.

"பட்டினி கெடந்து குண்டான முயல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல," என்றாள் டாக்டரம்மா. "புல்லத் தவிர வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இதைவிட ஒற்றுமையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்தால் இந்த வசனத்தைத் தினமும் கேட்கிறவள் போலிருந்தது.

"பழம் கிழம் குடுத்துட்டு இருந்தீங்கன்னா, சட்டுனு நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைங்கன்னு சொல்லுவேன். நீங்கதான் குடுக்கறதே இல்லையே. அப்ப சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." கையைக் கழுவிக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. முயல் ஒரு பொழுது முழுக்க எதுவுமே திங்காம இருந்தா குடல் நின்னுடும். அது விளையாட்டு இல்ல. உடனே கூப்பிடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பாவம், ஒன்றும் அறியாதவள். டாக்டர் முன்னால் தன்னால் அவளுக்கும் தலைகுனிவு. ஆப்பிளை இன்றோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழாமலில்லை. ஆனால் நாலு துண்டு ஆப்பிளில் என்ன கொஞ்சம், என்ன கொஞ்சமாக? நிறுத்தினால் நிறுத்தியதுதான்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் வழக்கம்போல எழுந்து நின்றார். மெக்கானிக் அவர் கண்ணைப் பார்க்கத் துணியாமல் நேராகச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே ரொட்டியை விழுங்கினான். கூடத்தில் மேனேஜர் பின்னங்காலால் கூண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு நிறுத்திவிட்டார்.

'புல்லைத் தொடல' என்று அவளுக்கு மெசேஜ் அனுப்பினான்.

'பசி வந்தா பத்தும் பறந்து போகும். தின்பார்' என்று பதில் வந்தது. பரவாயில்லையே, இவளும் கொஞ்சம் திடமாகிவிட்டாள் என்று நினைத்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது மேனேஜர் எழுந்து நிற்கவில்லை. கூண்டின் மூலையில் பந்தாகச் சுருண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். அவன் காலையில் வைத்துவிட்டுப் போன புல் வைத்த மாதிரியே இருந்தது. அடித்தட்டைப் பார்த்தான். ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் வளர்ப்பவனுக்கு அதுதான் மீட்டர். அது நின்றுவிட்டால் உள்ளே எல்லாம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

வார்டுக்குப் போன் போட்டான்.

"மேனேஜர் எழுந்து நிக்கல," என்றான்.

"வரேன்," என்றாள்.

கூட வேலை செய்யும் பெண்ணின் காலைப் பிடித்துத் தன் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடிவந்தாள். வந்ததும் மேனேஜரின் வயிற்றை விரல்களால் தடவிப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இப்ப பொய் சொல்ல நேரம் இல்ல," என்றாள் டாக்டரம்மா. "என்ன குடுத்துட்டு இருந்தீங்க?"

"ஆப்பிள்," என்றான் மெக்கானிக்.

"வாழைப்பழம்," என்றாள் மனைவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எவ்வளவு?"

"ஒரு துண்டு," என்றான். பிறகு, "நாலு துண்டு. ரொட்டியும்."

"பாதிப் பழம்," என்றாள் அவள். "கொஞ்சம் திராட்சை. எப்பவாவது பிஸ்கட்." தொண்டையைச் செருமிக்கொண்டு, "தினமும் பிஸ்கட்," என்றாள்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"உங்ககிட்ட வந்துட்டுப் போன அன்னிக்கே," என்றார்கள் இருவரும். இந்த முறையும் ஒரே குரல்தான்.

டாக்டரம்மா பெருமூச்சு விடுவது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல. நல்ல ஜோடிப் பொருத்தம். வயிறு கல்லு மாதிரி இருக்கா?"

"இல்ல டாக்டர். மெத்துன்னுதான் இருக்கு."

"சரி. இங்க ஒரு நாய் மேஜைமேல படுத்திருக்கு, தையல் போட்டுட்டு நானே கூப்பிடறேன். அதுக்குள்ள எதையாவது தின்ன வைங்க. எதுவா இருந்தாலும் சரி. திங்கலன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும்."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். இரண்டு வயரை இரண்டு பேர் ஒரே சமயத்தில் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஆப்பிளை நீட்டினான். மேனேஜர் முகத்தைத் திருப்பினார். அவள் வாழைப்பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். அவர் இன்னும் மூலைக்குள் ஒடுங்கினார். உயிரையே கேட்டாலும் கொடுக்கிற நிலைமையில் இரண்டு பேர் பழத்தோடு மண்டி போட்டிருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ ஏன் சொல்லல?" என்றான் அவன்.

"நீங்க ஏன் சொல்லல?" அவள் குரல் உடைந்தது. "ராத்திரி முழுக்க அத்தன பேருக்கு நடுவுல நின்னுட்டு வீட்டுக்கு வந்தா ஒரு ஈ காக்கா இல்ல. தனியா டீயும் பிஸ்கட்டும். அவரு ஒருத்தர்தான் என்னப் பாத்ததும் எழுந்து நிப்பாரு."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அந்த எழுந்து நிற்கிற மரியாதை தனக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"அப்ப எதுக்கு அவர மருந்துக் கவுண்ட்டர்காரருக்குக் குடுக்கலாம்னு சொன்ன?"

"பகல்ல நான் தூங்கிடறேன். நீங்க வேலைக்குப் போயிடறீங்க. தனியா கெடந்து ஏங்கித்தான் திங்க மாட்டேங்கறாருன்னு நெனச்சேன். அங்க ரெண்டு முயல் இருக்கு. அவராவது யாரோடயாவது உக்காந்து சாப்பிடட்டுமே." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நர்ஸ் திரும்பி வந்துவிட்டாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல. டாக்டர் கூப்பிட்டா ஓடணும். நடுரோட்ல மயக்கம் போட்டு விழுந்தா உங்கள யாரு தூக்கறது?"

ரொட்டியை மொறுமொறுவென்று வாட்டி, இரண்டு முட்டையைப் பொரித்து, தட்டுகளோடு வந்தாள். மேஜை அந்தக் கோடியில் இருந்தது. மேனேஜரை விட்டுவிட்டு அங்கே போக இருவருக்கும் மனம் வரவில்லை. கூண்டின் கதவுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று இருவருக்கும் தெரியும். ரொட்டியைக் கடிக்கிற சத்தம் மட்டும் கூடத்தில் கேட்டது.

மேனேஜரின் ஒரு காது திரும்பியது.

"பேசாத," என்றான் அவன் மெதுவாக. "சாப்பிட்டுட்டே இரு."

இன்னொரு காதும் திரும்பியது. மூக்கு அசைய ஆரம்பித்தது. மேனேஜர் மூலையிலிருந்து நகர்ந்து கூண்டின் வாசலுக்கு வந்தார். அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, மீட்டிங் தொடங்கலாம் என்பதுபோல, பக்கத்தில் கிடந்த காய்ந்த புல்லில் ஒன்றை இழுத்து மெல்லத் தொடங்கினார். ஆப்பிள் அவர் காலடியில்தான் கிடந்தது. அதைத் தாண்டித்தான் வந்தார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் மட்டும் கையைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினான். என்ன இருந்தாலும் மெக்கானிக். முதலில் தான் மெல்லுவதை நிறுத்தினான். மேனேஜர் தின்றுகொண்டிருந்தார். தான் தொடர்ந்து, அவளை நிறுத்தச் சொன்னான். மேனேஜர் தின்றுகொண்டிருந்தார். பிறகு இருவரும் நிறுத்தினார்கள். புல் வாயில் பாதி தொங்க மேனேஜரும் நிறுத்தி, இருவரையும் முறைத்தார். மறுபடி ஆரம்பித்தார்கள். அவரும் ஆரம்பித்தார்.

பசியும் ஒரு காரணம்தான், இனிப்புப் பழக்கம் விட்டால் புல் தன்னால் ருசிக்கும் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினாள். இருக்கலாம். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மெக்கானிக்குக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டது. அது கூண்டுக்குள் இல்லை.

"எனக்குப் பிரச்சினை இருக்கு," என்றான்.

"என்ன பிரச்சினை?"

"நைட் டியூட்டி. அன்னிக்கு நீ கேட்டப்ப எனக்கென்ன பிரச்சினைன்னு சொன்னேன்ல. பொய் சொன்னேன். என்னால தனியா சாப்பிட முடியல. நீ இல்லாம இந்த வீட்டுக்கு வரவே பிடிக்கல."

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அவசரமாக அதை எடுத்து மறுபடி கடித்தாள்.

"நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்குக் கேட்டேன்," என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு. "போகாதன்னு ஒரு வார்த்த. அது வரல. சரி, உங்களுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்."

"போகாத," என்றான்.

"இப்பவாவது சொன்னீங்களே." அவள் அவன் தட்டில் முட்டை குறைந்திருப்பதைப் பார்த்துத் தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து வைத்தாள். "நாளைக்கே ஹெட் நர்ஸ்கிட்ட கேக்கறேன்."

மேனேஜர் எழுந்து கூண்டின் மறுகோடிக்குப் போய், சற்று நேரம் யோசனையாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மெக்கானிக் குனிந்து பார்த்தான். அடித்தட்டில் ஒரு புழுக்கை. அதன்பின் இன்னொன்று. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண ஆல்பத்தைக்கூட அவர்கள் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

போன் அடித்தது. டாக்டரம்மா. பின்னால் எங்கோ ஒரு நாய் முனகியது.

"என்னாச்சு? சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டோம் டாக்டர்," என்றாள் அவள்.

"நான் முயலக் கேட்டேன்மா."

"அவரும் எங்களோடதான் டாக்டர் சாப்பிட்டுட்டு இருக்காரு."